எல்லைக்கல் யாருடையது?

நிலத்தை அளப்பது கணிதத்தின் பாற்பட்டது. அளந்த நிலத்தின் மூலையிற் கல் நாட்டுவதோ அறத்தின் பாற்பட்டது. இவ்விரண்டும் ஒரே தொழிலின் இரு பகுதிகளாக இருப்பதால், பின்னதையும் நாம் கணிதமென்றே எண்ணிவிடுகிறோம். கோணமும் தூரமும் பிழையின்றிக் கணிக்கப்பட்டுவிட்டால் நில அளவையாளரின் கடமை முடிந்துவிட்டது என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஒரு கல் மண்ணில் ஊன்றப்பட்ட கணத்திலிருந்து, அதன் இருபுறத்தும் வாழும் மனிதரின் உறவு அக்கல்லைப் பொறுத்தே அமையத் தொடங்குகிறது. வேலி அதைப் பார்த்து அடைக்கப்படுகிறது. சுவர் அதைப் பார்த்து எழுப்பப்படுகிறது. தந்தை இறந்தபின் மக்கள் அதிலிருந்தே பங்கு பிரிக்கின்றனர். வங்கி அதை நம்பியே கடன் தருகிறது. ஆகவே மூலைக்கல் நாட்டுவோர் எந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர், யாருக்குப் பதில் சொல்லவேண்டியவர் என்ற வினா, ஒரு தொழிலினர் தமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய வினா அன்று. அது சமுதாயத்தின் வினா. நிலமற்ற மக்களுக்கு நிலம் வழங்கப்படும் என்று பேசப்படுகின்ற எமது மலைநாட்டில் அது மிகக் கூர்மையான வினாவுமாகும்.

பழையோர் இதனை நன்கறிந்திருந்தனர். சோழர் காலச் செப்பேடுகள், ஓர் ஊர் தானமாக வழங்கப்பட்டபோது அதன் எல்லை குறிக்கப்பட்ட முறையை விரிவாகச் சொல்கின்றன. அதிகாரிகளும் ஊராரும் உடன்வரப் பெண்யானையொன்றை எல்லை வழியே நடத்திச் சென்றனர். சென்ற வழியிற் கல்லும் நாட்டினர், கள்ளியும் நாட்டினர். கல் இருக்கக் கள்ளி எதற்கு? கல்லைப் பெயர்த்து அப்பால் ஊன்றுவதற்கு ஓரிரவு போதும். வேர்விட்டுப் படர்ந்த கள்ளியைச் சுவடு தெரியாமற் பெயர்ப்பது எளிதன்று. ஒரு சாட்சி பொய்த்தாலும் மற்றொரு சாட்சி நிற்கட்டும் என்ற முன்யோசனை அதில் இருந்திருக்க வேண்டும். பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த மனுநூலுங்கூட, எல்லையைப் பற்றிப் பேசுமிடத்து மனித இயல்பை உள்ளபடி அறிந்து பேசுகிறது. வெளியே தெரியும் அடையாளத்தை மட்டும் நம்பாது, கரி, செங்கல், ஓட்டாஞ்சில்லு முதலியவற்றை மண்ணுள் மறைத்துவைக்குமாறு அது கூறுகிறது. பண்டைய ரோமாபுரியின் அளவையாளரும் எல்லைக்கல்லின் அடியிற் கரியும் உடைந்த கலங்களும் புதைத்தனர். அங்கே எல்லைக்கென்றே தெர்மினஸ் என்னும் தெய்வம் இருந்தது. ஆண்டுதோறும் பெப்ரவரி 23இல் எல்லையின் இருபுறத்து அயலவரும் ஒன்றுகூடி அக்கல்லுக்குப் பூசை செய்தனர்.

இவ்வழக்கங்களிலிருந்து நாம் பெறவேண்டியது பக்தியன்று. கல் வெறும் பொருளன்று, அது ஒரு சாட்சி என்ற உணர்வையே நாம் பெறவேண்டும். சாட்சிக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? கல்லின் கனத்திலிருந்து அன்று. அது நாட்டப்பட்டபோது இருதரப்பாரும் அருகில் நின்றனர் என்ற உண்மையிலிருந்தே வருகிறது. யானை நடந்ததை ஊர் முழுவதும் கண்டது. அதனாலேயே அந்த எல்லை எல்லையாயிற்று.

இனி, இக்காலத் தொழில் ஒழுக்கத்துக்கு வருவோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அளவையாளர் இரு காணிகளுக்கிடையே கல் நாட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அக்காலத்துச் சங்கிலியும் கருவியும் அவருக்குத் துணை. இரு குடும்பங்களும் அக்கல்லை நம்பி வேலியடைத்தன, மரம் வைத்தன, வீடு கட்டின. இன்று செய்மதியின் துணைகொண்டு அளக்கும் நுண்கருவியோடு வேறோர் அளவையாளர் வருகிறார். வரைபடத்திற் காணும் தூரத்தின்படி, கல் ஓரடி தள்ளி நிற்கவேண்டும் என்று கருவி காட்டுகிறது. அவர் என்ன செய்யவேண்டும்? பழைய கல்லைப் பொய்யென்று தள்ளி, ஓரடிக்கு அப்பாற் புதிய கல்லை நாட்டவேண்டுமா?

நுட்பத்தை மட்டும் வணங்குவோர் ஆம் என்பர். ஆனால் அத்தொழிலின் சிந்தனையாளர் அவ்வாறு கூறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கிய தாமஸ் கூலி என்பார், அளவையாளரின் பணியில் நீதிபதியின் பணியை ஒத்த தன்மை உண்டு என்று விளக்கினார். மூலை எங்கே இருந்திருக்கவேண்டும் என்று தேடுவது அளவையாளரின் வேலையன்று. அது உண்மையில் எங்கே நாட்டப்பட்டது என்று தேடுவதே அவரது வேலை என்பது அவர் கருத்தின் சாரம். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளிற் பெரும்பாலும் இந்நெறியே நிலைபெற்றது. முதலில் நாட்டப்பட்ட கல் கண்டெடுக்கப்படுமாயின், காகிதத்தில் எழுதப்பட்ட தூரமும் பரப்பும் அதற்கு அடங்கிப்போகும்.

இந்நெறியைப் புறக்கணித்தால் நேர்வதற்கும் அமெரிக்காவே சான்று. ஒரே மூலையில் மூன்று நான்கு இரும்புக் கம்பிகள், ஒன்றுக்கொன்று சில அங்குல தூரத்தில், அருகருகே நிற்பதை அங்கே பல இடங்களிற் காணலாம். ஒவ்வோர் அளவையாளரும் முன்னவரின் அடையாளத்தை மதியாது தம் கணக்கே சரியென்று தமக்கொரு கம்பியை அறைந்துவிட்டுச் சென்றதன் விளைவு அது. தொழிற் செருக்கின் சின்னங்களாக அக்கம்பிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே துல்லியமானதாக இருக்கலாம். ஆயினும் அவை சேர்ந்து நின்று அயலவர் இருவரையும் நீதிமன்றத்துக்கு அனுப்புகின்றன.

நியூசிலாந்து நாட்டில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் நேர்ந்த நிலநடுக்கங்களாற் கிறைஸ்ட்சேர்ச் நகரின் நிலமே நகர்ந்தது. வீடுகளும் வேலிகளும் கற்களும் மண்ணோடு சேர்ந்து இடம்பெயர்ந்தன. வரைபடத்தின் எண்களோ பழைய இடத்தையே காட்டின. எண்ணை நம்புவதா, மண்ணை நம்புவதா என்ற வினா எழுந்தது. 2016இல் இயற்றப்பட்ட தனிச் சட்டமொன்று, நிலம் நகர்ந்தபோது எல்லையும் அதனுடன் நகர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றது. மண்சரிவுக்கு மட்டும் அது விலக்களித்தது. மனிதர் எதை நம்பி வாழ்ந்தனரோ அதன் பக்கமே சட்டம் நின்றது. எல்லையின் உண்மை என்பது நட்சத்திரத்தின் தூரம் போன்றதோர் உண்மையன்று. அது மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கைப் போன்றது. வாக்கைத் திருத்திக்கொள்ள இருவரும் வேண்டும்; கருவி மட்டும் போதாது.

இவ்விடத்திற் சிந்தனையுடைய வாசகர் ஓர் ஐயத்தை எழுப்புவர். பழைய கல்லை மதிக்கவேண்டும் என்பது, பழைய கொள்ளையையும் மதிக்கவேண்டும் என்பதாகி விடாதா? நியாயமான ஐயம் இது. இதற்கு விடை காண நாம் எமது மலைகளின் வரலாற்றைப் பார்க்கவேண்டும்.

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் நிறுவப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவே என்றது அச்சட்டம். கண்டி நாட்டுச் சிங்கள விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த காடும், மாடு மேய்த்த புற்றரையும் அவன் கையை விட்டுப் போயின. அவனிடம் உறுதி இல்லை, வரைபடம் இல்லை, ஊரறிந்த வழக்கம் மட்டுமே இருந்தது. அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையிற் காப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. காணி வாங்கித் தோட்டம் போட்டோரில் அரசாங்க உத்தியோகத்தர் பலரும் இருந்தனர். அந்நிலங்களைச் சங்கிலி கொண்டு அளந்த அளவையாளரிற் பலர் திறமையும் நேர்மையும் உடையவராக இருந்திருக்கலாம். அவர்தம் கோணங்கள் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் நாட்டிய கல்லின் ஒருபுறத்தே நின்றவன் மட்டுமே கேட்கப்பட்டான். மறுபுறத்தே நின்றவன் கேட்கப்படவில்லை.

எனவே விடை இதுவாகும்: பழைய கல் மதிக்கப்படவேண்டியது அதன் பழமைக்காக அன்று. இருபுறத்தாரும் அதை அறிந்து, ஏற்று, நம்பி வாழ்ந்தனர் என்பதற்காகவே அது மதிக்கப்படவேண்டும். ஒருபுறத்தாரை ஒதுக்கிவிட்டு நாட்டிய கல், துல்லியமாக நாட்டப்பட்டிருப்பினும், சாட்சியன்று. அது வென்றவனின் கொடியே. அளவு சரி, நீதி பிழை என்ற நிலை எவ்வளவு எளிதாக உண்டாகும் என்பதை எமது மலைகளைப்போல் எடுத்துக்காட்டும் இடம் வேறில்லை.

அக்கொடியின் நிழலிலேதான் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவந்து குடியேற்றப்பட்டனர். ஒரு மக்கள்கூட்டத்தின் நிலம் பறிக்கப்பட்டது. வேறொரு மக்கள்கூட்டத்தின் உழைப்பு அதிற் புதைக்கப்பட்டது. இருவருக்கும் அந்நிலத்தில் ஒரு மூலைக்கல்லேனும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கும்படி பின்னர் செய்யப்பட்டனர் என்பது நாமறிந்த வரலாறு. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு ஐம்பது ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1975இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. தோட்டத்தில் உழைத்தவனோ, அந்நிலப் பகிர்விற் பங்காளியாக எண்ணப்படவில்லை. 1977 மே மாதத்தில், நுவரெலியாப் பகுதித் தோட்டக் காணிகளில் ஏழாயிரம் ஏக்கரைப் பங்கிட எடுக்கப்பட்ட முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்து நின்றனர். அப்போராட்டத்திற் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பலியானார். யாரைக் கேட்டு எல்லை போடுகிறீர் என்ற கேள்விக்கு இம்மலையில் இரத்தத்தின் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் அவை 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைப் பத்திரங்களிற் காணியின் பரப்பு உண்டு. அக்காணியில் ஐந்து தலைமுறையாக வாழ்வோரின் லயத்துக்கு அதிற் தனி மூலையில்லை.

இலங்கையின் தேசிய நில அளவைக் கட்டத்துக்கு மூலப்புள்ளியாகக் கொள்ளப்பட்டது எது என்பதை மாணவர் அறிந்திருப்பது நன்று. 2524 மீற்றர் உயர்ந்து நிற்கும் எமது பிதுருதலாகலை மலையே அது. காலியில் ஒரு தென்னந்தோட்டத்தை அளந்தாலும், யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணியை அளந்தாலும், அந்தக் கட்டத்தின் கணக்கு இம்மலையுச்சியையே ஆதாரமாகக் கொண்டு அமைகிறது. நாடு முழுவதையும் அளப்பதற்குரிய ஆதாரம் இங்கே இருக்கிறது. அதன் அடிவாரத்தில் வாழ்வோருக்கு மட்டும் அளந்து கொடுக்கப்பட்ட மூலை இல்லை. எம் பாடசாலைப் பதிவேட்டில் மாணவரின் முகவரியை எழுதும்போது, தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதுகிறோம். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லாத பிள்ளைகள் பலர். யாழ்ப்பாணத்தில் அயலவர் கதியாலை ஓர் அங்குலம் தள்ளி நட்டுவிட்டார் என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதைக் கேட்டு நாம் சிரிப்பதுண்டு. வழக்காடுவதற்கு ஓர் அங்குலமேனும் இருப்பதும் ஒரு பேறுதான்.

2015க்குப் பின் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு பரவலாக எழுந்தது. தனிவீடுகள் பல கட்டப்பட்டன. சிலருக்குக் காணி உறுதிகளும் வழங்கப்பட்டன. ஏழு போதாது, இருபது வேண்டும் என்ற கோரிக்கையும் உண்டு, அது நியாயமானதே. அளவு எதுவாயினும், நாம் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இங்கே நாட்டப்படுவது முதற் கல். முதற் கல்லே பின்னர் எல்லாக் கணக்கையும் ஆளும் என்பது அத்தொழிலின் நெறி என்று மேலே கண்டோம். அப்படியாயின் முதற் கல்லை அலட்சியமாக நாட்டுவது, ஒருநாட் பிழையன்று. அது தலைமுறைகளுக்கு நீளும் பிழை. பின்வரும் அளவையாளர் எவ்வளவு நல்லவராயினும், அதை மதிக்கவே கடமைப்பட்டிருப்பார்.

அலட்சியத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் 1905 சதுர அடியும் சிறிதுமாகும். முப்பதடி அகலமும் அறுபத்து மூன்றரை அடி நீளமும் உடைய ஒரு துண்டு என்று கொள்ளலாம். நீளப் பக்கத்து எல்லை ஓரடி உள்ளே தள்ளி நாட்டப்பட்டால், அறுபத்து மூன்றரைச் சதுர அடி போய்விடுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் பழைய லயக் காம்பராவிற் பாதிக்கும் அதிகம் அது. இருநூறு ஏக்கர்த் தோட்டத்தின் எல்லையில் ஓரடி பிசகினால் உடைமையாளர் அதை அறியவும் மாட்டார். ஏழு பேர்ச் உடையவனுக்கோ அது சமையலறை. அங்குலத்தின் விலை ஏழைக்கே அதிகம்.

மலைச் சரிவு இன்னொரு சூட்சுமத்தையும் மறைத்து வைத்திருக்கிறது. வரைபடத்தில் எழுதப்படும் தூரம் கிடைத்தூரம். நாடாவைச் சரிவின்மேற் படுக்கவைத்து அளந்தால் வருவது சரிவுத்தூரம். முப்பது பாகைச் சரிவில் நாடாவைத் தரையோடு பிடித்து அறுபத்து மூன்றரை அடி அளந்து கல் நாட்டினால், உண்மையிற் கிடைக்கும் கிடைத்தூரம் ஐம்பத்தைந்து அடியே. முப்பதடி அகலத்துக்கு 255 சதுர அடி குறைந்துவிடுகிறது. ஏழு பேர்ச்சில் ஏறத்தாழ ஒரு பேர்ச், இரண்டு லயக் காம்பராக்களுக்கும் மேற்பட்ட பரப்பு, எவரும் திருடாமலே காணாமற் போகிறது. பயிற்சி பெற்ற அளவையாளர் இப்பிழையைச் செய்யார். ஆனால் அவசரத்தில், பயிற்சியற்றவர் நாடாவை இழுத்து முளை அடித்துவிட்டுச் செல்லுமிடத்து, இப்பிழையை அறிந்து எதிர்க்கக்கூடியவர் யார்? சரிவில் அளக்கும் கணக்கு அறியாத குடும்பத்தார், கொடுத்ததைப் பெற்றுக்கொள்வர்.

இங்கேதான் கூலி கொடுப்பவர் யார் என்ற வினா வருகிறது. வைத்தியருக்கு நோயாளியே தரப்பு. வழக்கறிஞருக்குக் கட்சிக்காரரே தரப்பு. அளவையாளரின் நிலை அத்தகையதன்று. அவரை அழைத்துக் கூலி கொடுப்பவர் ஒருபுறத்தார். அவர் நாட்டும் கல்லோ இருபுறத்தாருக்கும் பொது. நான்கு காணிகள் சந்திக்கும் மூலையாயின் நால்வருக்கும் பொது. ஆகவே கூலி கொடுத்தவருக்கு அவர் கடமைப்பட்டவர் உழைப்பில் மட்டுமே, தீர்ப்பில் அல்லர். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவும் அனுமதிப்பத்திரமும் வேண்டும் என்று விதித்ததன் உட்பொருளும் இதுவே எனலாம். யாரும் கூலிக்கு அமர்த்தக்கூடியதோர் ஊழியமாக மட்டும் அது இருக்குமாயின், அரசு அதற்கு அனுமதிப்பத்திரம் வழங்கவேண்டிய அவசியம் என்ன? மலைநாட்டில் அளவையாளரை அழைப்பது அரசு. நிலத்தை விடுவிப்பது கம்பனி. குடும்பமோ யாரையும் அழைக்கவில்லை, யாருக்கும் கூலி கொடுக்கவில்லை. கூலி கொடாத அத்தரப்பின் உரிமையைத் தாமாகவே நினைவிற்கொள்ளும் அளவையாளரே தம் தொழிலின் ஒழுக்கத்தைக் காத்தவராவார்.

இவ்விடத்தில் இடதுசாரித் தோழர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். 1755இல் வெளிவந்த தமது நூலில், ஒரு துண்டு நிலத்தை வளைத்து இது என்னுடையது என்று சொன்ன முதல் மனிதனோடும் அதை நம்பிய பேதைகளோடும் சமுதாயத்தின் துன்பங்களைத் தொடங்கி வைத்தார் ரூசோ. எல்லைக்கல்லைப் பிடுங்கியெறிவதன்றோ நமது இலட்சியம்? அதை ஒழுங்காக நாட்டும் வகை பற்றிப் பேசுவது, சிறுவுடைமை ஆசைக்குத் தூபமிடுவதாகாதா?

இவ்வாதம் கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. ஆனால் பிடுங்கியெறிய ஒரு கல்லேனும் உள்ளவனிடமே அதைச் சொல்ல முடியும். 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, அதன் கடைசி எச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருந்த ஒரு மக்கள்கூட்டத்திடம் உடைமையின் தீமையைப் பற்றிப் போதிப்பது, பசித்தவனிடம் உணவின் நிலையாமையைப் போதிப்பதற்கு ஒப்பாகும். லயக் காம்பரா தொழிலாளியின் உடைமையன்று. அது வேலையோடு ஒட்டிய கூரை. வேலையை மறுத்தால் கூரைக்கு என்ன நேரும் என்ற அச்சம், தொழிலாளியின் நாவை எத்தனை முறை கட்டியிருக்கிறது! ஏழு பேர்ச் அவனைச் சிறு முதலாளியாக்கப் போவதில்லை. வேலைநிறுத்தத்தின்போது வீடு தனதே என்று நிமிர்ந்து நிற்கும் தைரியத்தையே அது அளிக்கும். ரூசோ கண்ட மனிதன், பொது நிலத்தை வளைத்துக்கொண்டவன். இங்கே பேசப்படுபவரோ, பிறர் வளைத்த நிலத்தினுள் இருநூறு ஆண்டுகள் இடமின்றி வாழ்ந்தவர். இவ்விருவரின் கல்லையும் ஒரே கல்லாகக் காண்பது வர்க்கப் பார்வையன்று, பார்வைக் குறைவே.

அப்படியாயின் இங்கே மூலைக்கல் நாட்டும் ஒழுங்கு எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலாவதாக, குடும்பத்தாரும் அயற் குடும்பத்தாரும் அருகில் நிற்க, பகலில், யாவரும் காணக் கல் நாட்டப்படவேண்டும். காரியாலயத்தில் வரைபடம் தயாராகிவிட்டது, கல் பின்னர் வரும் என்பது முறையன்று. இரண்டாவதாக, நாட்டப்படுவது மழைக் கழுவலில் ஓடிவிடாத பொருளாக, போதிய ஆழத்தில், நிலையான பாறையிலிருந்தோ வேறு நிலைக்குறியிலிருந்தோ தூரம் குறிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். கான் ஓரத்திலே அடித்த மரமுளை அடுத்த மாரியைக் காணாது. மூன்றாவதாக, வரைபடத்தின் பிரதி தமிழில் விளக்கத்தோடு குடும்பத்தின் கையில் இருக்கவேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டாயிற்று. அந்த எழுத்து காணி உறுதிவரை இறங்கிவரவேண்டும். நான்காவதாக, நடைபாதையும் குடிநீர் ஊற்றும் மயானமும் எவரது துண்டிலும் அகப்படாதவாறு முதலிலேயே பொதுவெனக் குறிக்கப்படவேண்டும். முதற் கல்லோடு வழியை மறந்தால், பின்னர் அயலவரே ஒருவருக்கொருவர் வழியடைப்பர்.

ஐந்தாவது ஒன்றுண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அத்தகைய சரிவில் அளந்து கொடுக்கப்படும் ஏழு பேர்ச் எத்துணைத் துல்லியமாக இருந்தென்ன? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயமென்று கூறிய இடத்தில் மூலைக்கல் நாட்டுவது, எல்லையிடுதல் ஆகாது. நிலம் நிற்குமா என்று சொல்வது அளவையாளரின் துறையன்று என்பது உண்மையே. ஆயினும் தெரிந்த அபாயத்தைத் தம் அறிக்கையில் எழுதாது விடுவதற்கு அது சாட்டாகாது. இறுதியாக, தோட்ட எல்லையும் கிராம எல்லையும் சந்திக்குமிடத்திற் சிங்களக் கிராமத்தவரும் கேட்கப்படவேண்டும். 1840இல் அவர்கள் கேட்கப்படவில்லை. 1977இல் நாம் கேட்கப்படவில்லை. ஒருவரைக் கேளாது மற்றவருக்கு நாட்டும் கல் இருவருக்கும் பகையாகவே முடியும். அதன் பலனை அறுவடை செய்வோர் இருவரும் அல்லர் என்பதை வரலாறு ஒருமுறைக்கு இருமுறை காட்டியிருக்கிறது.

எல்லைக்கல் யாருடையது என்ற தலைப்பு வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அது கூலி கொடுத்தவருடையதன்று, நாட்டியவருடையதுமன்று, ஒருபுறத்து உடைமையாளருடையதுகூட அன்று. அதன் இருபுறத்தும் வாழ்வோருக்கும், இனிப் பிறந்து அங்கே வாழப்போவோருக்கும் அது பொதுச் சொத்து. தனியுடைமையின் சின்னமென்று நாம் எண்ணும் அக்கல்லே, அந்தக் காணியில் உள்ள பொருள்களுள் தனியுடைமை ஆகமுடியாத ஒன்று.

ஆசிரியராகிய நமக்கும் இதில் வேலை உண்டு. எட்டாம் வகுப்பிற் பரப்பளவு கற்பிக்கிறோம். ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் முக்கோணங்களைக் கற்பிக்கிறோம். கரும்பலகையில் வரையும் அந்த முக்கோணத்துக்குப் பதிலாக, ஒருநாள் ஒரு காணியின் வரைபடத்தை வரைவோம். பேர்ச் என்றால் என்ன, கிடைத்தூரம் என்றால் என்ன, வடக்கு எல்லை என்று உறுதியில் எழுதப்படுவது எதைச் சுட்டுகிறது என்று சொல்லிக் கொடுப்போம். அப்பிள்ளைகளின் தாய்தந்தையருக்கு நாளை கல் நாட்டப்படும்போது, நாடாவின் மறுமுனையைப் பிடித்து, தரையோடு படுக்கவைக்காதீர்கள், கிடையாகப் பிடியுங்கள் ஐயா, என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை அங்கே நிற்கட்டும்.